நம் ஊரில் எந்தச் சட்டம் செல்லும்?

"வீட்டுக்காரர் திடீர்னு காலி பண்ணச் சொல்றார் சார், சட்டம் என்ன சொல்லுது?" என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. "வீடு எங்கே இருக்கு?" என்றுதான் முதலில் கேட்பேன். முத்தியால்பேட்டை என்றால் ஒரு பதில். அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் வரும் கோட்டக்குப்பம் என்றால் வேறு பதில். கடையும் வீடும் இடைவெளியில்லாமல் போகும் ஒரே சாலைதான். ஆனால் முத்தியால்பேட்டை புதுச்சேரி, கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம். அங்கே தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடக்கிறது. இங்கே 1969ஆம் ஆண்டின் புதுச்சேரிக் கட்டடக் குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அங்கே ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. இங்கே அந்த விதியைக் காட்டி வாதாட முடியாது.

சென்னைச் செய்தித்தாளையும் யூடியூப் வக்கீல்களையும் பார்த்துவிட்டு, "புதுச் சட்டம் வந்துடுச்சே" என்று நம்மூர்க்காரர்கள் சண்டைக்குப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்கள் பார்த்த செய்தி உண்மைதான். ஆனால் அது கோரிமேடு எல்லைக்கு அந்தப் பக்கம். மதுக்கடையில் நியாயமாக வாங்கிய பாட்டில் முள்ளோடை தாண்டினால் வழக்காகிவிடும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். வாடகையும் சொத்தும் அப்படித்தான் என்பது தெரிவதில்லை.

சட்டப்பணி ஆணையத்தின் முகாம்களில் தன்னார்வலனாக உட்காருகிறவன் நான். வக்கீல் அல்ல. வருகிறவர்களிடம் காகிதங்களை வாங்கி வரிசைப்படுத்தி, எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று சொல்வது என் வேலை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். வக்கீலைப் பார்ப்பதற்குப் பதிலாக இதைப் படிக்காதீர்கள். பார்க்கப் போவதற்கு முன்னால் படியுங்கள்.

முதலில் நம் ஊர் ஏன் இப்படி என்பதைச் சொல்லியாக வேண்டும். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். இந்தியச் சட்டங்கள் அதற்கும் பிறகு, தவணை தவணையாக வந்தன. 1963இல் ஒரு தொகுதி, 1968இல் இன்னொரு தொகுதி. ஆகவே தமிழ்நாட்டில் 1956இலேயே நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் புதுச்சேரியில் 1963 அக்டோபர் 1 முதல்தான் செல்லும். தாத்தா 1960இல் இறந்திருந்தால் அவர் சொத்தின் கணக்கே வேறு. அப்போது இங்கே இருந்தது பிரெஞ்சு நீதிமன்றங்கள் தீர்ப்பு தீர்ப்பாகச் செதுக்கிய இந்து வழக்குச் சட்டம். அதில் தந்தை உயிரோடு இருக்கும்வரை சொத்து முழுக்க அவர் கையில். பிறந்த உடனே மகனுக்குப் பங்கு என்று சென்னை மாகாணத்தில் பேசிய மாதிரி இங்கே பேசவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி தாவீது அன்னுசாமி இந்தப் பிரெஞ்சு மரபைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சொத்து வழக்கு நடத்தும் இளம் வக்கீல்கள் அவரைப் படிக்காமல் பழைய புதுச்சேரிப் பத்திரத்தைத் தொடக் கூடாது என்பது என் கருத்து.

இதற்குள் இன்னொரு அடுக்கு உண்டு, ரெனோன்சான். 1881 செப்டம்பர் 21 அன்று வந்த பிரெஞ்சு ஆணைப்படி, விரும்பியவர்கள் தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்துவிட்டு, ஒரு குடும்பப் பெயரைச் சூடிக்கொண்டு, பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் போகலாம். போனால் திரும்ப முடியாது. பிள்ளைகளும் அதிலேயே. இந்த இயக்கத்தை முன்னின்று நடத்தியவர் வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை. துறந்த பிறகு லப்போர்த் என்று பெயர் சூடிக்கொண்டவர். 1873இல் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார் என்று இங்கே தண்டித்தபோது, பாரிஸ் வரை மேல்முறையீடு செய்து வென்றார். வேட்டி கட்டியவன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நியாயம் கேட்க வேண்டும் என்றிருந்த ஊரில் அது சாதாரணக் காரியம் இல்லை. அவரைப் பற்றி நம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும்.

அந்த ரெனோன்சான் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. இந்துத் திருமணச் சட்டத்தில் புதுச்சேரிக்கென்றே ஒரு துணைப்பிரிவு சேர்த்து, "ரெனோன்சான்களுக்கு இது பொருந்தாது" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பலர் இதையும் பிரெஞ்சுக் குடியுரிமையையும் ஒன்றாக நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. குடியுரிமை 1962இல் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துத் தேர்ந்துகொண்ட விஷயம். ரெனோன்சான் என்பது உங்கள் பாட்டனோ கொள்ளுப் பாட்டனோ கையெழுத்துப் போட்ட விஷயம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் ரெனோன்சான்கள் நம் தெருவிலேயே இருக்கலாம்.

இதனால் நடைமுறையில் என்ன வித்தியாசம்? உயிலை எடுத்துக்கொள்வோம். ஓர் இந்து தான் சம்பாதித்த வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், பிள்ளைகளை முழுக்க ஒதுக்கியும் எழுதலாம். பிரெஞ்சுச் சிவில் சட்டத்தில் அது முடியாது. ஒரு பிள்ளை இருந்தால் பாதிச் சொத்துதான் உங்கள் இஷ்டம். இரண்டு பிள்ளை என்றால் மூன்றில் ஒரு பங்கு. மூன்றும் அதற்கு மேலும் என்றால் கால் பங்கு. மிச்சம் பிள்ளைகளுக்கு என்று சட்டமே ஒதுக்கிவைக்கிறது. உயில் எழுதும் முறையும் அப்படியே. இந்திய முறையில் இரண்டு சாட்சிகள் கையெழுத்து இல்லாத உயில் வெறும் காகிதம். பிரெஞ்சு முறையில் முழுக்கத் தன் கையால் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டால் சாட்சி வேண்டாம். பெட்டிக்கு அடியிலிருந்து கிடைக்கும் ஒரே மாதிரியான கடிதம் ஒரு வீட்டில் உயில், அடுத்த வீட்டில் ஒன்றுமில்லை. எனவே பாகப்பிரிவினைப் பேச்சு தொடங்கும் முன்னால், "நம்ம குடும்பம் எந்தச் சட்டத்துக்குக் கீழே?" என்று பெரியவர்களிடம் கேட்டுவிடுங்கள். திருமணப் பதிவு, பிறப்புப் பதிவு, பழைய பத்திரம் என்று ஏதாவது ஒன்றில் அடையாளம் இருக்கும்.

பெண்களின் பங்கு பற்றித்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். நெல்லித்தோப்பிலிருந்து வந்த ஓர் அம்மா, "எனக்கு 1985லேயே கல்யாணம் ஆயிடுச்சு தம்பி, அதனால பங்கு கெடையாதாமே? எங்க அண்ணன் வக்கீல்கிட்ட கேட்டுட்டுதான் சொல்றார்" என்றார்.

"அப்பா சம்பாதிச்ச வீடா, பாட்டன் சொத்தாம்மா?"

"அப்பா மில்லுல வேலை பாத்து கட்டினது."

"உயில் எழுதினாரா?"

"எங்கேருந்து எழுதறது, தூக்கத்துலயே போயிட்டார்."

"எந்த வருஷம்?"

"எம்ஜிஆர் போன மறு வருஷம்."

அவ்வளவு போதும். அவர்கள் ரெனோன்சான் குடும்பமும் அல்ல. உயில் எழுதாமல் இறந்த இந்துத் தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவி, மகன், மகள், தந்தையின் தாயார் உயிரோடிருந்தால் அவரும், ஆளுக்கு ஒரு சமபங்கு. இது 2005இல் வந்த புதுமை அல்ல. 1963 அக்டோபர் முதலே நம் ஊரில் இதுதான். கல்யாணம் எந்த வருஷம் நடந்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கல்யாணமானதால் பங்கில்லை என்று அந்த அண்ணன் சொன்ன கணக்கு, 1989இல் தமிழ்நாடு சட்டமன்றம் கூட்டுக் குடும்பச் சொத்துக்காகப் போட்ட திருத்தம். 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது என்றது அந்தத் திருத்தம். அது தமிழ்நாட்டுக்கு.

பூர்வீகச் சொத்து என்றால்தான் 2005 செப்டம்பர் 9 முக்கியம். அன்று வந்த மத்திய அரசின் திருத்தம் மகளையும் மகனைப் போலப் பிறப்பால் பங்காளி ஆக்கியது. அப்பா அன்றைக்கு உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று பல வருடம் குழப்பம். 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேண்டியதில்லை என்று முடித்துவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்னால் முறைப்படிப் பதிவு செய்தோ, நீதிமன்றத் தீர்ப்பாலோ பாகம் பிரித்திருந்தால் மட்டும் அதைத் தொட முடியாது.

இவ்வளவு உரிமையும் ஒரே கையெழுத்தில் போய்விடும். பொங்கலுக்கோ துக்கத்துக்கோ பிறந்த வீட்டுக்கு வந்த தங்கையிடம், "பட்டா மாத்தணும், இங்க ஒரு கையெழுத்துப் போடு" என்று நீட்டுவார்கள். அது விடுதலைப் பத்திரமாக இருக்கும். பதிவு அலுவலகத்துக்கு ஆட்டோவில் கூட்டிப் போவார்கள், மதியம் பிரியாணியும் உண்டு. படிக்காமல் போட்ட கையெழுத்தை ரத்து செய்ய வழக்குப் போடலாம், ஆனால் உண்மை தெரிந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் போட வேண்டும், ஏமாற்றினார்கள் என்று நிரூபிக்கவும் வேண்டும். விட்டுக்கொடுக்க மனம் இருந்தால் தாராளமாக விட்டுக்கொடுங்கள், அது உங்கள் விருப்பம். தலைப்பைப் படித்துவிட்டு விட்டுக்கொடுங்கள்.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு தலைவலி, பெயர். பிரெஞ்சுக் காலத்தில் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் மேரி என்ற நகர்மன்றத்தில் எழுதி வைத்தார்கள். கடற்கரைச் சாலையில் 2014 நவம்பர் மழையில் இடிந்து, பழைய உருவத்திலேயே திரும்பக் கட்டப்பட்டிருக்கிறதே, அந்த மேரிதான். தாத்தாவின் பதிவை நகல் எடுத்துப் பார்த்தால் முருகன் என்ற பெயர் பிரெஞ்சு எழுத்துக் கூட்டலில் இருக்கும். 'யு' வரும் இடத்திலெல்லாம் முன்னால் ஓர் 'ஓ', கடைசியில் சும்மா ஓர் 'இ'. மகனின் பள்ளிச் சான்றிதழிலும் அப்படியே. பேரனின் ஆதாரில் ஆங்கிலக் கூட்டல். வங்கிக்காரர் மூன்றையும் வைத்துப் பார்த்துவிட்டு, "இது மூணு பேரா?" என்பார். வாரிசுச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்கள் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எழுத்துப் பிழை என்றால் பிறப்பு இறப்புப் பதிவாளரே திருத்தலாம். பிழை அல்ல, கூட்டல்தான் வேறு என்றால் பிரமாணப் பத்திரமும் துணை ஆவணங்களும் வேண்டும். வீட்டில் பெரியவர் இருக்கும்போதே செய்துவிடுங்கள். இறந்தபிறகு செய்தால் வேலை மூன்று மடங்கு. புதிய பிறப்பு இறப்புகளுக்கு 21 நாள் கெடு. 30 நாள் வரை தாமதக் கட்டணம், ஒரு வருடம் வரை அதிகாரியின் அனுமதி, அதற்கும் மேலே போனால் மாஜிஸ்திரேட் உத்தரவு. புதுச்சேரி நகராட்சியோ உழவர்கரை நகராட்சியோ கொம்யூன் பஞ்சாயத்தோ, எங்கே பிறந்ததோ அங்கே.

வாடகைக்கு வருகிறேன். 11 மாத ஒப்பந்தம் ஏன் என்று கேட்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், செலவு. அதைத் தவிர்க்கத்தான் 11. ஆனால் 11 மாதம் முடிந்த மறுநாள் வீட்டுக்காரர் பூட்டுப் போடலாம் என்று அர்த்தமில்லை. காலி செய்ய வைக்க அவர் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடமோ நீதிமன்றத்திடமோ போய் உத்தரவு வாங்க வேண்டும். ஆளை வைத்துச் சாமானை வெளியே போட்டால், குடியிருந்தவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு, சொத்து யாருடையது என்ற கேள்விக்கே போகாமல் மறுபடி உள்ளே வர முடியும். அதற்காக வாடகை தராமல் உட்கார்ந்துகொள்ளலாம் என்று இல்லை. வேண்டுமென்றே பாக்கி வைப்பதுதான் காலி செய்யச் சொல்ல முதல் காரணம். வீட்டுக்காரர் வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பி, திரும்பி வந்த கூப்பனை வைத்துக்கொள்ளுங்கள். கையில் கொடுத்தால் ரசீது. இப்போது ஜிபேயில் போடுகிறீர்கள், குறிப்பு எழுதும் இடத்தில் எந்த மாத வாடகை என்று எழுதுங்கள். அந்த ஒரு வரி பின்னால் உதவும்.

போக்கியம்தான் எனக்குப் பெரிய கவலை. 5 லட்சம், 8 லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு, போகும்போது பணத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. லாஸ்பேட்டை, முதலியார்பேட்டை, வில்லியனூர் பக்கமெல்லாம் சாதாரணம். பெரும்பாலும் 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, தரகர் சாட்சி போட்டு முடித்துவிடுகிறார்கள். வீட்டின் பேரில் உரிமை உண்டாக்கும் போக்கியத்தைப் பதிவு செய்தால்தான் செல்லும். பதிவு செய்யாத தாள் உங்கள் பணத்துக்கு அத்தாட்சி, வீட்டுக்குப் பிடிமானம் அல்ல. வீட்டுக்காரர் ஏற்கெனவே வங்கியில் கடன் வாங்கித் தவணை கட்டாமல் விட்டிருந்தால், ஒருநாள் கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். ஏலம் போடுகிற வங்கிக்கு உங்கள் 8 லட்சம் கண்ணில் படாது.

பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று எடுங்கள். அது மட்டும் போதாது. மூலப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கிய கடன் பதிவாகவில்லை என்றால் வில்லங்கத்தில் தெரியாது. அதனால் மூலப் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸைக் காட்டி, "ஒரிஜினல் தம்பிகிட்ட இருக்கு, பீரோ சாவி ஊர்ல இருக்கு" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் வங்கியில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். போக்கியத்தைப் பதிவு செய்ய ஒப்புக்கொள்ளாத வீட்டுக்காரரிடம் பெரிய தொகையைக் கொடுக்காதீர்கள். பெண்ணின் கல்யாணத்துக்கு என்று சேர்த்த பணத்தைப் போக்கியத்தில் போட்டுவிட்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களில் யாருக்கும் முழுப் பணம் சீக்கிரம் திரும்பவில்லை.

இதன் மறுபக்கம், பிரான்ஸில் குடியேறியவர்களின் பூட்டிய வீடுகள். போலி பவர், போலி உயில் வைத்து விற்றுவிட்ட வழக்குகள் இந்த ஊருக்குப் புதிதல்ல. பதிவு அலுவலகத்தில் பதிவாகிவிட்டது என்பதால் மட்டும் ஒரு பத்திரம் நல்ல பத்திரம் ஆகிவிடாது. பவர் பத்திரத்தையே கிரயமாக நினைத்து வாங்காதீர்கள், அதனால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது. வெளிநாட்டில் இருப்பவர்கள் வருடம் ஒருமுறை வில்லங்கம் போட்டுப் பாருங்கள், வீட்டு வரியை உங்கள் பெயரிலேயே கட்டுங்கள். அங்கிருந்து பவர் எழுதி அனுப்பினால் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

கொடுக்கல் வாங்கல். இதில் சட்டத்தைவிட காலண்டர் முக்கியம். புரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து 3 வருடம். அதற்குள் கொஞ்சம் பணம் வந்தால் பின்பக்கம் வரவு எழுதிக் கடன்காரரின் கையெழுத்தையும் தேதியையும் வாங்குங்கள், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருடம் கிடைக்கும். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டாத புரோநோட்டைப் பிறகு அபராதம் கட்டிக்கூடச் சரிசெய்ய முடியாது, நீதிமன்றம் சாட்சியமாக எடுக்காது. கடன் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ஸ்டாம்புக்கு உட்பட்ட தொகையை நிரப்பிக்கொள்ள நீங்களே அதிகாரம் கொடுத்ததாகச் சட்டம் பார்க்கிறது. "நம்பிக்கைக்குத்தான்" என்று வாங்கும் வட்டிக்காரரை நம்பாதீர்கள்.

செக் திரும்பினால் இன்னும் அவசரம். வங்கியின் ரிட்டர்ன் மெமோ ஜூன் 3 அன்று கைக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை 3க்குள் எழுத்து நோட்டீஸ் போக வேண்டும். அவர் அதை ஜூலை 8 அன்று வாங்கினால், ஜூலை 23 வரை பணம் கட்ட அவகாசம். கட்டவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார். புகார் சில நாள் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸ் தாமதமானால் மன்னிக்க வழியில்லை. "அடுத்த வாரம் தர்றேன் மச்சான்" என்ற வாட்ஸ்அப்பை நம்பி அந்த 30 நாளை விடுகிறவர்கள் ஏராளம். மச்சானோடு உறவு கெடாமல் நோட்டீஸ் அனுப்ப முடியும், அனுப்பிவிட்டுப் பேசுங்கள்.

பணம் தரவில்லை என்பதற்காக மட்டும் ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது மோசடிக் குற்றம். பிறகு கொடுக்க முடியாமல் போனால் அது சிவில் விவகாரம். காவல் துறை வசூல் செய்துதர முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் உண்மையிலேயே குற்றம் நடந்திருந்தால், கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால், எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும். "அது எங்க லிமிட் இல்ல" என்ற பேச்சுக்கும் இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடக்கும் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா எந்த ஸ்டேஷனும் புகாரை வாங்க வேண்டும் என்று எழுத்திலேயே சொல்கிறது. எஃப்ஐஆர் நகல் இலவசம். வாங்க மறுத்தால் எஸ்பிக்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். அம்மாவையோ வயதான அப்பாவையோ சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால், பெண்களையும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களையும் அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

நுகர்வோர் புகார்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது எளிது. கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், வாங்கிய கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் புதுச்சேரியிலேயே போடலாம். 2 வருடத்துக்குள் போட வேண்டும். பில் வேண்டும். முதலில் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் பாருங்கள். தகவல் உரிமை மனுவில் நம் ஊருக்கு ஒரு தனி விஷயம். இங்கே மாநிலத் தகவல் ஆணையம் கிடையாது. 30 நாளில் பதில் வராமல், முதல் மேல்முறையீடும் பயனில்லை என்றால், இரண்டாவது மேல்முறையீடு டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குத்தான். சென்னைக்கு அனுப்பி மாதங்களை வீணாக்காதீர்கள்.

வயதானவர்கள் எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. மகனுக்கோ மகளுக்கோ வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டின் திண்ணையில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறவர்கள் வருகிறார்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, அவர்கள் கவனிக்காவிட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கலாம். வருவாய்த் துறை அதிகாரி தலைமையிலான தீர்ப்பாயத்தில் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும், வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்பும் கேட்கலாம். ஆனால் அந்த நிபந்தனை இருக்க வேண்டும். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்ததைக் காட்டியே ஆக வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், மூத்தவர்களுக்குச் சாதகமாகவே இந்தச் சட்டத்தைப் படிக்க வேண்டும் என்று சொல்லி ஒரு தாய்க்கு வீட்டைத் திரும்பக் கொடுத்தது.

நீதிமன்றத்தில் அதிர்ஷ்டம் பார்க்க வேண்டாம். "என் ஆயுள்வரை என்னைப் பராமரித்து, உணவும் மருத்துவமும் தந்து, இந்த வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்" என்று ஒரு வாக்கியம் பத்திரத்தில் இருக்கட்டும். பத்திரம் எழுதுகிறவர், "அன்பினால், பாசத்தினால் என்று போட்டாலே போதும்மா" என்பார். போதாது. நல்ல பிள்ளைகளுக்கு இந்த வாக்கியத்தால் எந்த நஷ்டமும் இல்லை. முடிந்தால் எழுதியே கொடுக்காதீர்கள். உயில் எழுதிவையுங்கள், மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது என்பீர்கள். கடலூர் சாலை ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்துக்கு வாருங்கள். சட்டப்பணி ஆணையத்தில் வக்கீலை இலவசமாக வைத்துத் தருவார்கள். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், எஸ்சி எஸ்டி மக்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பே கிடையாது. மாடி வீடு வைத்திருக்கும் பெண்ணும் கேட்கலாம். "அது ஏழைகளுக்குத்தானே" என்று தயங்கி, நகையை அடகு வைத்து வக்கீல் ஃபீஸ் கட்டிய பெண்களை எனக்குத் தெரியும். லோக் அதாலத்தில் சமரசமாகப் போனால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்ப வரும், அங்கே எழுதுவது தீர்ப்புக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது என்பதால், தொகை மனத்துக்கு ஒப்பினால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். எதிர்த்தரப்பும் அதிகாரியும் அவசரப்படுத்தினாலும், "வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வர உங்களுக்கு முழு உரிமை உண்டு.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கெடு தாண்டிய பிறகுதான் வருகிறார்கள். நோட்டீஸ் வந்த வாரத்திலேயே வாருங்கள், செக் திரும்பிய வாரத்திலேயே வாருங்கள். வரும்போது பத்திரம், ரசீது, கவர், தபால் அட்டை எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள், நோட்டீஸ் வந்த கவரைக் கிழித்துப் போடாதீர்கள், தேதி முத்திரை அதில்தான் இருக்கிறது. நேரில் வர முடியாவிட்டால் 15100 என்ற எண்ணை அழையுங்கள். இந்தியா முழுவதற்கும் சட்ட உதவிக்கு அந்த ஒரே எண்தான்.